எண்ணியது பறவையையா, கூட்டையா?

ஆசிரியருக்கு,

வணக்கம். கடலோரத் தீவுகளில் கடற்பறவைகள் குறைந்துவருவது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையின் அக்கறை நியாயமானது. உலகில் கண்காணிப்பில் இருக்கும் கடற்பறவைகளின் மொத்த எண்ணிக்கை 1950க்கும் 2010க்கும் இடையில் சுமார் 70 சதவீதம் சரிந்ததாக 2015இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆகவே ஆபத்தே இல்லை என்று வாதாட வரவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளின் எண்களை அருகருகே வைத்துவிட்டு, ‘மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது’ என்று முடிப்பது சரியல்ல. அந்த எண்கள் எதை எண்ணிக் கிடைத்தவை என்பதே கட்டுரையில் இல்லை.

கில்லிமாட் பறவையை எடுத்துக்கொள்வோம். இது கூடு கட்டாது. பாறை விளிம்பில் வெறும் கல்லின்மேல் ஒற்றை முட்டை இட்டு, தோளோடு தோள் உரச நிற்கும். எந்தப் பறவை அடைகாக்கிறது, எது துணைக்கு நிற்கிறது, எது இன்னும் ஜோடி சேராதது என்று தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. அதனால் நிற்கும் தலைகளைத்தான் எண்ணுவார்கள். பிரிட்டனில் ஜூன் முதல் மூன்று வாரங்களில், காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் எண்ணுவது வழக்கம். ஜோடிக் கணக்கு வேண்டுமென்றால் அந்த எண்ணை 0.67ஆல் பெருக்குவார்கள். இப்போது ஒரு பழைய குறிப்பில் ‘3,000’ என்றும், புதிய அறிக்கையில் ‘2,000’ என்றும் இருக்கிறதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னது பறவை, பின்னது ஜோடி என்றால் தீவில் எதுவுமே மாறவில்லை. மூன்றில் ஒரு பங்கு தொலைந்தது காகிதத்தில் மட்டும்தான்.

வளையில் கூடு வைக்கும் பறவைகளின் கணக்கு இன்னும் சிக்கல். பஃபினுக்கு வளை வாய்களைத்தான் எண்ண முடியும். அதையும் புல் உயரும் முன்பே முடித்துவிட வேண்டும். முயல் தோண்டிய வளையையும் பஃபின் குடியிருக்கும் வளையையும் பிரிக்க எச்சம், புதிதாகக் கிளறிய மண், வாசலில் தேய்ந்த தடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரவில் மட்டும் கரையேறும் ஷியர்வாட்டருக்கு, பதிவுசெய்த குரலை வளை வாயில் ஒலிக்கவிட்டு உள்ளிருந்து பதில் வருகிறதா என்று கேட்பார்கள். உள்ளே இருக்கும் எல்லாப் பறவையும் பதில் தராது. ஆண் குரலை மட்டும் ஒலித்தால் பெரும்பாலும் ஆண்தான் பதில் தரும். அன்றைக்கு முட்டைமேல் பெண் உட்கார்ந்திருந்தால் அந்த வளை ‘காலி’ என்று பதிவாகிவிடும். அதனால் பறவை இருப்பது உறுதியாகத் தெரிந்த வளைகள் சிலவற்றில் நாள்தோறும் ஒலித்துப் பார்த்து, பதில் விகிதத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நூறு வளையில் நாற்பதுதான் பதில் தருகிறது என்றால், தீவு முழுவதும் கிடைத்த பதில்களை 2.5ஆல் பெருக்க வேண்டும். இந்த விகிதத்தைச் சொல்லாத ஷியர்வாட்டர் கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை.

தரையில் கூட்டமாகக் கூடு வைக்கும் ஆலாக்களுக்கு வேறு கணக்கு. இருவர் போக வேண்டும். முதலாமவர் கூட்டம் முழுவதும் நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு கூட்டருகிலும் ஓர் அடையாளம் வைக்கிறார். 200 என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வருபவர் தனியாக 180 கூடுகளைக் காண்கிறார். அவற்றில் 160இல் அடையாளம் இருக்கிறது. 200ஐ 180ஆல் பெருக்கி 160ஆல் வகுத்தால் 225. அதாவது முதலாமவர் கண்ணுக்கு 25 கூடுகள் தப்பியிருக்கின்றன. இதையெல்லாம் இருபது நிமிடத்துக்குள் முடித்து வெளியேற வேண்டும். உச்சி வெயிலிலோ மழையிலோ உள்ளே போகவே கூடாது: பெற்றோர் எழும்பிப் பறந்ததும் முட்டை வெந்துபோகும், குஞ்சு நனைந்து விறைக்கும், பக்கத்தில் காத்திருக்கும் கடற்காகம் மிச்சத்தைத் தின்றுவிடும்.

ஆலாக்கள் ஓரிடத்தில் நிலைப்பதும் இல்லை. எலியோ வெள்ளமோ ஆள் நடமாட்டமோ தொந்தரவு செய்தால், அடுத்த பருவத்தில் கூட்டமே பக்கத்துத் தீவுக்கு இடம்பெயர்ந்துவிடும். ஒரு தீவில் மட்டும் எண்ணினால் அது பேரழிவாகத் தெரியும். அட்லாண்டிக்கில் உள்ள அசென்ஷன் தீவில் இன்னொரு விசித்திரம். அங்கே சூட்டி ஆலா ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, ஏறத்தாழ 9.6 மாதத்துக்கு ஒருமுறை முட்டையிடுகிறது. ஆண்டுதோறும் டிசம்பரில் போய் எண்ணுபவருக்குச் சில ஆண்டுகளில் வெறும் தரைதான் கிடைக்கும்.

அடுத்தது, எந்த ஆண்டிலிருந்து ஒப்பிடுகிறோம் என்பது. சான் பிரான்சிஸ்கோவுக்கு அப்பால் உள்ள ஃபாரலான் தீவுகளில் மர் என்ற பறவை கூடுகிறது (கில்லிமாட்டுக்கு அமெரிக்கப் பெயர்தான் மர்). 1848இல் தொடங்கிய தங்க வேட்டைக் காலத்தில் அந்நகரில் கோழி முட்டைக்குத் தட்டுப்பாடு. அரை நூற்றாண்டுக்குள் சுமார் 1.4 கோடி மர் முட்டைகள் தீவிலிருந்து போயின. லட்சக்கணக்கில் இருந்த பறவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆயிரமாகச் சுருங்கியது. பிறகு மெல்ல ஏறி 1980களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்தை எட்டியது. உடனே செவுள் வலையில் சிக்கியும், எண்ணெய்க் கசிவாலும், பசிபிக் கடல்நீரைச் சூடாக்கிய 1982–83 எல் நினோவாலும் பாதியாக விழுந்தது. வலைக்குக் கட்டுப்பாடு வந்தபின் மறுபடி ஏற்றம். இந்த ஒரே வரலாற்றை 1982இலிருந்து தொடங்கினால் வீழ்ச்சி, 1986இலிருந்து தொடங்கினால் வெற்றி, 1850இலிருந்து தொடங்கினால் இன்னும் தீராத இழப்பு. மூன்றும் உண்மை. எதைச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் உண்டு: மீன்பிடிப் படகுகள் கடலில் கொட்டிய கழிவு மீனைத் தின்று வட அட்லாண்டிக்கில் ஃபுல்மார் என்ற கடற்பறவையும் சில கடற்காகங்களும் பெருகிய காலத்தை ‘இயல்புநிலை’ என்று எடுத்தால், பிறகு வரும் இறக்கம் முழுவதும் கேடாகத்தான் தெரியும்.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்றுக்கு வருகிறேன். என் கணிப்பில் இதுவே முக்கியம். கூடுகளின் எண்ணிக்கை, சிக்கலைக் கடைசியாகக் காட்டும் அளவு. பஃபின் ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். ஐந்து வயது வாக்கில்தான் இனப்பெருக்கம் தொடங்கும். இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். மணல் விலாங்கு மீன் கிடைக்காமல் நான்கைந்து ஆண்டு குஞ்சே தேறாவிட்டாலும், அதே முதிய ஜோடிகள் அதே வளைகளுக்குத் திரும்பி வரும், எண்ணிக்கை அசையாது. 2003க்குப் பிறகு சில ஆண்டுகள் வட கடலில் பாம்புக் குழல்மீன் பெருகியபோது, சதைப்பற்றில்லாத அந்த விறைப்பான மீனைப் பெற்றோர் கொண்டுவந்து ஊட்ட, குஞ்சுகள் விழுங்க முடியாமல் செத்தன. அந்த இழப்பு கூடுகளின் கணக்கில் தெரிய ஆண்டுகள் ஆகும். முதிர்ந்த பறவை செத்தால் நிலைமை வேறு. 2014–16 கடல் வெப்ப அலையில் அலாஸ்காவில் சுமார் 40 லட்சம் மர்கள் பட்டினியால் செத்தன. அங்கிருந்தவற்றில் ஏறக்குறையப் பாதி. கரை ஒதுங்கி எண்ணப்பட்ட உடல்களோ 62,000 சொச்சம்தான். ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் தீவில் 2014இல் 75,259ஆக இருந்த கேனட் என்ற கடற்பறவையின் கூட்டிடங்கள், 2022 பறவைக் காய்ச்சலுக்குப் பின் 2023இல் 51,844 ஆயின. ஆகவே தீவுக்குப் போகும் குழு கூடுகளோடு, கூட்டுக்கு எத்தனை குஞ்சு பறந்தது, காலில் அடையாள வளையமிட்ட பறவையில் எத்தனை திரும்பியது என்ற இரண்டையும் எடுக்க வேண்டும்.

ஏற்றத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இங்கிலாந்தின் லண்டி தீவில் 2002–04இல் எலிகளை ஒழித்தார்கள். 2001இல் சுமார் 300 ஜோடியாக இருந்த மாங்ஸ் ஷியர்வாட்டர் 2017–18இல் 5,504 ஜோடி. ஆண்டுக்குச் சுமார் 19 சதவீத வளர்ச்சி. ஆண்டுக்கு ஒரு முட்டையிட்டு ஐந்தாறு வயதில் ஜோடி சேரும் பறவைக்கு, ஏறக்குறைய எதுவும் சாகாமல் எல்லா முட்டையும் பறவையானால்தான் அந்த வேகம் கைகூடும். வெளியிலிருந்து வந்து குடியேறியவை அதில் பெரும்பங்கு. எலி ஒழிப்பின் பெருமை இதனால் குறையாது. ஆனால் ஒரு தீவின் வரவு, இன்னொரு தீவின் கணக்கில் கழிய வேண்டியது.

ஆகவே இனி இத்தகைய எண்ணை அச்சிடும்போது, அது பறவையா, ஜோடியா, கூடா, எந்த மாதம், எந்த முறையில் எடுத்தது, ஒப்பிடும் ஆண்டை ஏன் தேர்ந்தார்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். முக்கியமாக, ட்ரோன் வந்தபின் நடந்து எண்ணும் முறையைப் பல இடங்களில் கைவிடுகிறார்கள். மாற்றலாம், ஆனால் குறைந்தது ஒரு பருவமாவது, முடிந்தால் இரண்டு மூன்று பருவங்கள், இரண்டு முறையிலும் ஒரே வாரத்தில் எண்ணி வித்தியாசத்தைப் பதிந்துவைக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைக்க வழியில்லை.

இப்படிக்கு,
கடற்பறவைக் கணக்கெடுப்பில் ஈடுபட்டுள்ள ஒரு வாசகர்