ஆலயத் திருப்பணி நிறைவு: சபையாருக்குக் கமிட்டியின் கணக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

ஓடு மாற்றியாயிற்று, கைமரம் பழுது பார்த்தாயிற்று, வயரிங் புதிது, மணிக்கூண்டுக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பது வடக்குச் சுவரைத்தான்: ஒரு தடவை பூசிய சுவரை ஏன் கொத்தினீர்கள், அந்தச் செலவு யார் தலையில் என்று. சரி, அதையே விவரமாக எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தில் சுண்ணாம்புப் பூச்சு என்றுதான் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் பூசியது சிமெண்ட். நம் கோயில் சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். அது தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். ஐப்பசி மழை முடிந்ததும் சுவரில் உப்புப் பூத்தது, ஜன்னலுக்குக் கீழே பூச்சு உப்பியது, விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடமாகச் சத்தம் கேட்டது. "சிமெண்ட்தான் பலம்" என்றார் அவர். 1826-இல் ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயில் எழும்பியபோது நம் பக்கத்தில் சிமெண்ட் ஏது? கொத்தித் தரமாட்டேன் என்று அவர் சொன்ன பிறகு, நம் பாதிரியார் ஐயரவர்கள் முன்னால் அளந்து, ஓட்டு வேலைக்கு முழுப்பணமும் கொடுத்தோம், சுவருக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போயிருக்கலாம் என்கிறார்கள் சிலர். அவரும் விசுவாசிதான், விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போகலாகாது என்கிற 1 கொரிந்தியர் 6-ஐ வாசித்துவிட்டு எங்களுக்கு அதற்கு மனது வரவில்லை.

ஆகவே கொத்தின கூலியும் மறுபூச்சும் சேர்ந்து மதிப்பீட்டைவிட 3 லட்சத்து 40 ஆயிரம் கூடிற்று. "நெகேமியா 52 நாளில் எருசலேமின் அலங்கத்தையே, அந்த மதிலையே, கட்டி முடித்தாரே" என்று பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதற்கு அடுத்த வசனத்தையும் அவர் வாசிக்க வேண்டும். அந்த வேலை தேவனால் கைகூடிவந்தது என்று சுற்றியிருந்தவர்கள் அறிந்துகொண்டார்கள் என்று அங்கே இருக்கிறது. நாங்களும் அதைத்தான் கண்ணால் பார்த்தோம், ஸ்தோத்திரத்தோடு சொல்கிறோம்.

கணக்கில் கூலி கொடுக்கக்கூடப் பணம் இல்லாத வாரத்தில்தான் பெண்கள் ஐக்கியத்தார், சமைக்கும்போது கோயிலுக்கென்று எடுத்துவைத்த கைப்பிடி அரிசியை விற்ற பணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை மூன்று குடும்பம் மாறி மாறி எடுத்து மறுபடியும் கோயிலுக்கே கொடுத்தது. தாராவியில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள், தெற்குத் தெருவில் பீடி சுற்றும் அக்காமார், பென்ஷன் பணத்தை அப்படியே கொடுத்த டீச்சரம்மா, தகப்பனார் ஞாபகமாகக் கதவு செய்து கொடுத்த வளைகுடாத் தம்பி, வாலிபர் சங்கத்தார், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல் என்று நீளுகிறது. சாரக் கம்புகளுக்கு வாடகை வேண்டாம் என்றார் மரக்கடை பாய். நம் போர்வெல் வற்றிப்போய், சுண்ணாம்பு நீற்றத் தண்ணீர் இல்லாமல் நின்றபோது, மேலத்தெரு நாயக்கர் வீட்டார் கிணற்றைத் திறந்துவிட்டார்கள். தொட்டியில் சுண்ணாம்பு கொதித்து அடங்கி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் விட்டு அரைத்தபோது வளாகம் முழுக்க அந்த வாசம். இவர்களில் யாரையும் நாங்கள் ஏற்பாடு செய்யவில்லை. கர்த்தர் செய்தார். அதைக் கமிட்டியின் திறமை என்று எழுத எனக்குத் துணிவில்லை.

அப்புறம் கல்வெட்டு. நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் வெட்டவில்லை என்று சிலருக்கு வருத்தம். பெயர்கள் எல்லாம் ரசீது எண்ணோடு பதிவேட்டில் இருக்கின்றன, பிரதிஷ்டை ஆராதனையிலும் வாசித்தாயிற்று. கல்லில் "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்ற வசனம் மட்டும்தான். கமிட்டியார் பெயரும் இல்லை. இந்த முடிவை நாங்கள் மாற்றப்போவதில்லை.

யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயம் பழுது பார்த்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று வேதத்தில் இருக்கிறது. அதைக் காட்டி நாங்கள் தப்பிக்க நினைக்கவில்லை. பில், ரசீது, சுவர் அளவுக் குறிப்பு எல்லாம் பாதிரியார் அறையில் இருக்கின்றன. சனிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மீதமுள்ள 11,250 ரூபாய் அசனத்துக்கு, அதாவது சபையின் பொது விருந்துச் செலவுக்கு, மாற்றப்பட்டிருக்கிறது.