டிக்கியில் பூட்டிய மண்வெட்டி

சிவமயம்

சாஸ்கட்டூன், கனடா
ஜனவரி 11

மதிப்புக்குரிய அப்பச்சி அவர்களுக்கு,

தங்கள் மகன் வணங்கி எழுதுவது. இங்கு நானும் தங்கள் மருமகளும் பேரனும் நலம். பள்ளத்தூரில் தாங்களும் ஆத்தாவும் அப்பத்தாவும் நலமாக இருப்பதை அறிய ஆவல். தீபாவளிக்குத் தாங்கள் வாங்கிய காரைப் பற்றி எழுதிய கடிதம் கிடைத்தது. அவசரத்துக்கு வண்டியில் என்னென்ன வைத்திருக்க வேண்டும், இங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சென்ற மாதம் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் அந்தப் பதிலை எழுத முடியவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்தக் கடிதத்தை ஆத்தாவிடம் முழுவதும் படித்துக் காட்ட வேண்டாம். தேன்குழல் டப்பா வருகிற இடத்தை மட்டும் படித்துக் காட்டினால் போதும்.

இங்கே ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி என்பது அதிசயமில்லை. சில நாட்கள் மைனஸ் 40 வரையிலும் இறங்குகிறது. பெட்ரோலில் ஓடும் காருக்குக்கூட முன்பக்கத்தில் ஒரு மின்சாரப் பிளக் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எல்லாம் மின்சாரக் கார் என்று நினைத்து ஏமாந்தேன். இரவில் அதைச் சுவரில் சொருகி வைத்தால் எஞ்சினுக்குள் ஓடும் கூலன்ட் திரவம் சூடாகவே இருக்கும். மறந்தால் காலையில் வண்டி கிளம்புவது சந்தேகம்தான், ஏனென்றால் குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டுவிடும், அதைச் சுழற்ற வேண்டிய பேட்டரியும் அதே நேரத்தில் பலம் இழந்துவிடும். டயரும் அப்படித்தான். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும் என்பதால் குளிர்காலத்துக்கென்று தனி டயர் உண்டு. அதன் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அச்சிட்டிருக்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயர் சட்டப்படி கட்டாயம். எங்கள் மாகாணத்தில் கட்டாயமில்லை, இருந்தாலும் நான் போட்டிருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, எங்கள் மாகாணத் தலைநகரான ரெஜைனாவில் வேலையை முடித்துக்கொண்டு சாஸ்கட்டூனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். 11ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 260 கிலோமீட்டர். பாதி வழியில் டேவிட்சன் என்ற சிற்றூர். இருபுறமும் கண்ணுக்கெட்டிய வரை வயல்தான், காற்றைத் தடுக்க மரம் கிடையாது. (நம் ஊர் மளிகைக் கடைகளுக்கு வரும் மைசூர்ப் பருப்பில் ஒரு பங்கு இந்த மாகாணத்து வயல்களில் விளைந்ததுதான்.) வானத்திலிருந்து பனி பெய்யாவிட்டாலும், ஏற்கெனவே கிடக்கும் பனியைக் காற்று தரையோடு கிளப்பி, சாலை எது வயல் எது என்று தெரியாமல் செய்துவிடும். டேவிட்சனைத் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும் வண்டி மெல்ல வழுக்கி, சாலையோரத்துப் பள்ளத்தில் குவிந்திருந்த பனிக்குள் போய்ச் சாய்ந்து நின்றது. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.

இங்குள்ள அவசர உதவி எண்ணான 911க்கு அழைத்தேன். அடிபட்டிருக்கிறதா, எந்த இடம், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள். அன்று மாலை பல வண்டிகள் பள்ளத்தில் இறங்கியிருப்பதால் தாமதமாகும் என்றும், எந்தக் காரணத்துக்காகவும் வண்டியை விட்டு நடக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். நடக்கத் தொடங்கியவர் வழி தவறிவிடுவார், வண்டியைக் கண்டுபிடிப்பது எளிது, ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்பதால் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லித் தருகிறார்கள்.

நான் பெரிதாகப் பயப்படவில்லை, ஏனென்றால் டிக்கியில் எல்லாம் வைத்திருந்தேன். மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் தூவ ஒரு மூட்டை மணல், கம்பளி, கனத்த காலணி எல்லாம் இருந்தன. ஆனால் டிக்கி திறக்கவில்லை. முந்தைய நாள்தான் வண்டியைக் கழுவியிருந்தேன். மூடியின் ரப்பர் விளிம்பில் தங்கிய தண்ணீர் உறைந்து மூடியையும் வண்டியையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. பின்சீட்டை மடக்கி உள்ளே கை விடலாம் என்றால், அதை மடக்கும் நெம்புகோலும் டிக்கிக்குள்தான் இருந்தது. பணம் கொடுத்து வாங்கி அழகாக அடுக்கி வைத்த அத்தனை பொருளும் என் முதுகுக்குப் பின்னால் நான்கு அடியில் இருந்தன. என் கையில் இருந்தவை 18 சதவீதம் சார்ஜ் உள்ள ஒரு போன், டாஷ்போர்டு பெட்டியில் தங்கள் மருமகள் போட்டு வைத்திருந்த இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு லைட்டர், ஒரு தண்ணீர் பாட்டில், சக ஊழியர்களுக்குக் கொடுத்ததுபோக மீதியிருந்த தேன்குழலோடு ஆத்தா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டப்பா, அவ்வளவுதான்.

எஞ்சினை ஓட்டிச் சூடு ஏற்றுவதற்கு முன்னால் சைலன்சர் குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அடைத்திருந்தால் புகை வண்டிக்குள் திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கம் வருவதுபோல இருந்து ஆள் போய்விடுவார். மண்வெட்டி இல்லாததால் தேன்குழல் டப்பாவின் மூடியால்தான் தோண்டினேன். பிறகு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுவது, காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைப்பது, ஒவ்வொரு முறையும் இறங்கிக் குழாயைப் பார்ப்பது என்று நேரத்தைக் கழித்தேன். பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. இங்கே குளிர்காலத்தில் முள்ளைப் பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது என்பார்கள், அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தேன்.

லைட்டர் எரியவில்லை. பொறி பறக்கிறது, தீ பிடிக்கவில்லை. அதற்குள் இருக்கும் பியூட்டேன் திரவம் பூஜ்யத்துக்குக் கீழே சரியாக ஆவியாகாது என்று கல்லூரியில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை அக்குளில் ஐந்து நிமிடம் வைத்திருந்து எடுத்த பிறகு எரிந்தது. தேன்குழலை மடியில் கொட்டிக்கொண்டு, காலி டப்பாவின் அடியில் மெழுகை உருக்கி ஊற்றி, வர்த்தியை அதில் நிறுத்தினேன். ஒரு மெழுகுவர்த்தி காரைச் சூடாக்கிவிடாது. ஆனால் ஆழமான டப்பாவுக்குள் நின்று எரியும்போது உலோகம் சூடேறி, கைகளை அதன்மேல் வைத்துக்கொள்ள முடிகிறது, விரல்கள் மரத்துப்போவதில்லை. தண்ணீர் பாட்டில் உறைந்து கல்லாகியிருந்தது. அதை டப்பாவுக்கு அருகில் வைத்து உருக்கி, தேன்குழலைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். (ஆத்தாவிடம் படித்துக் காட்ட வேண்டிய இடம் இதுதான்.)

இரண்டு மணி நேரம் கழித்து, பிக்கப் வண்டியில் வந்த ஒரு விவசாயி நிறுத்தினார். இழுவைக் கயிறு அவருடைய சீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. என் வண்டியில் கயிற்றை மாட்டும் கொக்கியைக் கேட்டார். இப்போதைய கார்களில் அந்தக் கொக்கி நிரந்தரமாக இருப்பதில்லை; தனியாகக் கழற்றி, ஜாக்கியோடு டிக்கியின் அடியில் வைத்திருக்கிறார்கள், தேவைப்படும்போது பம்பரில் உள்ள மூடியை எடுத்துவிட்டுத் திருகி மாட்ட வேண்டும். டிக்கி உறைந்துவிட்டது என்றேன். அவர் கையை மடக்கி மூடியின் விளிம்பு முழுவதும் சுற்றிச் சுற்றிக் குத்தினார். ஐஸ் உடைந்து மூடி திறந்துகொண்டது. இரண்டு மணி நேரம் எனக்கு இது தோன்றவேயில்லை.

காத்திருந்த நேரத்தில் பழநி நடைப்பயணத்துக்குத் தாங்கள் செய்யும் ஏற்பாடுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. தை பிறந்ததும் வளவு முற்றத்தில் சாமான்களைப் பரப்பி வைத்து, ‘இது தோளுக்கு, இது வண்டிக்கு’ என்று இரண்டாகப் பிரிப்பீர்கள். துண்டு, மாத்திரை, தண்ணீர், டார்ச் லைட் ஆகியவை தோளுக்கு. படுக்கையும் பாத்திரமும் வண்டிக்கு. வண்டி எப்போதும் பின்னால்தான் வரும், வேண்டும்போது வராது என்பீர்கள். காரின் டிக்கியும் பின்னால் வருகிற வண்டிதான் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஆகவே இப்போது என் காரில் எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிறேன். கம்பளி, கையுறை, தொப்பி, குட்டை மண்வெட்டி, பனி சுரண்டும் கட்டை, தண்ணீர் புகாத டப்பியில் தீக்குச்சி, ஊதல், சீட் பெல்ட்டை அறுக்கும் கத்தி, கைப்பிடியைச் சுழற்றினால் எரியும் டார்ச் ஆகியவையும், அந்தக் கொக்கியும் ஆள் உட்காரும் பகுதிக்கு வந்துவிட்டன. மணல், ஜம்பர் கேபிள், மைனஸ் 40 டிகிரி வரை உறையாத கண்ணாடி கழுவும் திரவம் ஆகியவை டிக்கியில் இருக்கின்றன. தண்ணீர் பாட்டிலை முக்கால் பங்குதான் நிரப்புகிறேன், உறையும்போது விரிவதற்கு இடம் வேண்டும். டிக்கியைக் காலி செய்தபோது இன்னொன்றும் தெரிந்தது: தரைப் பலகைக்கு அடியில் ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழி வெறும் குழியாக இருந்தது. பழைய வண்டியை எனக்கு விற்றவர் ‘எல்லாம் இருக்கிறது’ என்று சொன்னார், நான் பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள் ஸ்டெப்னி இல்லாமலேயே ஓட்டியிருக்கிறேன்.

இனி தங்கள் காருக்கு வருகிறேன். மண்வெட்டியும் மணலும் கம்பளியும் அங்கே வேண்டாம்; மெழுகுவர்த்தியைப் பங்குனி வெயிலில் வைத்தால் உருகி வழிந்துவிடும். அங்கே எதிரி வெயில். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதால், கேஸ் லைட்டர், வாசனை ஸ்பிரே, பவர் பேங்க் ஆகியவற்றை உள்ளே விட்டுவிட்டு இறங்க வேண்டாம். தங்கள் இன்சுலினையும் அப்பத்தாவின் மாத்திரைகளையும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று காரிலேயே வைத்துவிடாதீர்கள். அவை கெட்டுவிடும், கெட்டது பார்வைக்கும் தெரியாது. அவை ஒவ்வொரு பயணத்திலும் ஆத்தாவின் கைப்பையில் ஏறி, அதிலேயே இறங்கட்டும். காரில் நிரந்தரமாக இருக்கக்கூடியவை குளுக்கோஸ் பொடியும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும். தண்ணீரை அன்றன்று புதிதாக எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள்.

தங்கள் கார் ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பேட்டரி இறங்கிவிட்டால் நம் ஊர் வழக்கப்படி நாலு பேர் தள்ளிக் கிளப்ப முடியாது. வேறு வண்டியின் நல்ல பேட்டரியோடு இணைத்துக் கிளப்ப ஜம்பர் கேபிள் அவசியம். சிவப்புக் கம்பியின் ஒரு முனையை முதலில் இறங்கிப்போன பேட்டரியின் பிளஸ்ஸிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கம்பியின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸுக்கு. மறுமுனையை இறங்கிப்போன பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதி ஒன்றில் மாட்ட வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. இதை ஒரு அட்டையில் எழுதிக் கேபிளோடு கட்டி வைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் நினைவு வராது.

வண்டியோடு கொடுத்த சிவப்பு முக்கோணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு முறை விரித்து மடக்கிப் பாருங்கள். இரவில் திருமயம் சாலையில் நிற்க நேர்ந்தால், அதை வண்டிக்கு 50 மீட்டர் பின்னால், வளைவு இருந்தால் வளைவுக்கும் முன்னால் வைக்க வேண்டும். வண்டிக்குப் பின்னாலேயே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நிற்பது ஆபத்து. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. இந்த எண்களோடு வீட்டு எண்களையும் இரத்தப் பிரிவையும் ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்பில் சொருகி வையுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது கண்மாய்க்கரைச் சாலைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கரை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வண்டி தண்ணீரில் இறங்கிவிட்டால் போன் செய்யவோ கதவைத் தள்ளவோ நேரத்தைச் செலவிடக் கூடாது. பெல்ட்டை அவிழ்த்து, மின்சாரம் இருக்கும்போதே பக்கக் கண்ணாடியை இறக்கி வெளியேற வேண்டும். இறங்காவிட்டால் கூர்முனைச் சுத்தியலால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன்கண்ணாடியில் அடித்துப் பயனில்லை; அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது, விரியுமே தவிரத் திறக்காது. சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியையும் அப்படிச் செய்கிறார்கள், தங்கள் காரில் எப்படி என்று விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். சுத்தியலை டாஷ்போர்டு பெட்டியில் போடாமல், ஓட்டுபவர் சீட்டை ஒட்டிக் கிளிப்பில் மாட்டி வையுங்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

இந்தத் தையில் தாங்கள் குன்றக்குடியிலிருந்து நடக்கிறீர்களா, அல்லது காரில் பின்னால் போகிறீர்களா என்று எழுதவும். காரில் போவதானால், கிளம்புவதற்கு முன் டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பேனரும் கொக்கியும் இருக்கின்றனவா என்று தாங்களே பார்த்து எனக்குத் தெரிவிக்க வேண்டும். எவர்சில்வர் டப்பாவின் அடியில் ஒட்டிய மெழுகு வெந்நீரிலும் முழுவதும் போகவில்லை. அது இனிமேல் என் வண்டியிலேயே இருக்கும். அடுத்த முறை பலகாரத்தை வேறு டப்பாவில் அனுப்பச் சொல்லி ஆத்தாவிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்