விடுதி மெஸ் குழுக்களுக்கு: பொடி டப்பா வேண்டாம், சுண்டல் போடுங்கள்

கல்லூரி விடுதிகளின் மெஸ் குழுவினருக்கும் காப்பாளர்களுக்கும் சமையல் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

குடல் நலத்துக்கு ப்ரீபயாடிக் சேர்க்கலாமா என்ற பேச்சு உங்கள் கூட்டத்தில் எழுந்தால், கூடவே ப்ரீபயாடிக் என்று டப்பாவில் விற்கும் இன்யூலின் என்ற நார்ச்சத்துப் பொடிக்கு ஒரு கொட்டேஷனும் வந்து நிற்கும். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்தப் பணம் கொண்டைக்கடலை மூட்டைக்குப் போகட்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

மோர் ஊற்றுகிறோமே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். மோரில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். ப்ரீபயாடிக் என்பது பெருங்குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கான தீனி. சிறுகுடலில் செரிக்காத சில மாவுச்சத்துகளும் சர்க்கரைச் சங்கிலிகளும் அங்கே போய்ச் சேர, பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே இந்த பியூட்டிரேட்தான்.

இதன் வலுவைக் காட்டிய ஆய்வு ஒன்று நம் வேலூரிலேயே நடந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் காலராவோடு வந்த 48 பேரிடம் செய்து 2000-இல் வெளியானது. உப்பு சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத வகை மக்காச்சோள மாவைக் கலந்து கொடுத்தபோது, வெறும் கரைசல் குடித்தவர்களைவிட இவர்களுக்கு நீரிழப்பு குறைந்தது, வயிற்றுப்போக்கும் சீக்கிரம் நின்றது. மாவிலிருந்து உண்டான அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சும்போது உப்பையும் சேர்த்து இழுக்கிறது. உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. விடுதிச் சமையலில் நாம் சேர்க்கப்போவது அதே இனத்து மாவுச்சத்துதான், அளவு மட்டும் குறைவு.

இப்போது சுண்டலுக்கு வருவோம். 100 கிராம் காய்ந்த முழுக் கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய பச்சரிசியில் 3 கிராமைத் தொடாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. தலைக்கு 30 கிராம் கடலை என்றால் 7 கிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. அதில் எல்லாமே ப்ரீபயாடிக் அல்ல. ஆனால் பருப்பு வகைகளில் அதிகம் காணப்படும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளும் செரிக்காத மாவுச்சத்தும் அதில் கணிசமாக உண்டு.

300 பேருக்கு 9 கிலோ கடலை. மூன்று மடங்கு தண்ணீரில் 10 முதல் 12 மணி நேரம் ஊற வேண்டும். வெயில் காலத்தில் இடையில் ஒருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் நுரைத்து வாடை வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயு கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பாக்டீரியாவுக்குத் தீனியும் அதே சர்க்கரைதானே, கொட்டினால் நஷ்டமில்லையா என்று கேட்கலாம். கொஞ்சம் நஷ்டம்தான். ஆனாலும் கடலைக்குள் மிச்சம் நிறைய இருக்கிறது, பழக்கமில்லாத வயிற்றுக்கு அதுவே போதும்.

விசில் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அண்டாவின் அடியிலிருந்து ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்குங்கள். தோலோடு மாவாக மசிய வேண்டும். நடுவில் சுண்ணாம்புத் துண்டுபோல் ஒரு கட்டி தட்டுப்பட்டால் இன்னும் வேகவில்லை. அன்று சாயங்காலம் பாதி விடுதி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய ஸ்டாக் கடலை எவ்வளவு வேகவைத்தாலும் மசியாது. சோடா உப்பை அள்ளிப் போட்டு அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், தயமின் என்ற பி1 வைட்டமின் அழிந்துவிடும். கடலையை மாற்றுங்கள்.

இந்தத் திட்டம் எங்கே கெட்டுப்போகும் என்றால், தொடங்குகிற வேகத்தில். முதல் நாளே தலைக்கு ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் கோஸ் பொரியல், இரவு வெங்காயப் பச்சடி என்று ஒரே நாளில் குவித்தால் மாணவர்கள் உப்பிப்போவார்கள், மறுநாள் புகார் நோட்டு நிரம்பும், குழு திட்டத்தையே கைவிட்டுவிடும். முதல் இரண்டு வாரம் தலைக்கு 15 கிராம், வாரம் மூன்று நாள் மட்டும் கொடுங்கள். பிறகு 30 கிராமுக்குப் போங்கள். இரவில் வேண்டாம், மாலை டிபனில் போடுங்கள். தேர்வு வாரத்தில் தொடங்கவே வேண்டாம். குடிதண்ணீர்க் குழாய் வற்றியிருக்கும் விடுதியில் நார்ச்சத்தை ஏற்றினால் மலச்சிக்கல்தான் மிஞ்சும்.

வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது ஃபிரக்டான், அதாவது இன்யூலின் குடும்பம். பொடியாக விலைக்கு வருவதும் இதே சரக்குதான், பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து எடுத்தது. இது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே சாம்பாரில் வெந்தால் குழம்பிலேயே தங்கிவிடுகிறது. புளிக்குழம்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் மட்டும் புளிப்பும் சூடும் சேர்ந்து சங்கிலிகளில் ஒரு பகுதியை உடைத்துவிடும். தலைக்கு 40 கிராம் சின்ன வெங்காயம் சாம்பாரில் விழுந்தால் போதும்.

ஆறிய சோறே நல்ல ப்ரீபயாடிக் என்று மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுவது உண்மை. ஆனால் 100 கிராம் சோற்றுக்கு ஒன்றரை கிராம் அளவில்தான் நிற்கும். அதற்காக மிஞ்சிய சோற்றை அண்டாவிலேயே இரவு முழுக்க விடாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதை போன்ற உறங்கும் வடிவங்கள் (ஸ்போர்) வேகும்போதும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் பெருகி, மறுபடி சூடு பண்ணினாலும் போகாத நஞ்சை உண்டாக்கும். மறுநாளுக்கு வைப்பதென்றால் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் பரப்பி, ஆறியதும் தாமதிக்காமல் குளிர்பெட்டியில் வையுங்கள்.

வாழைத்தண்டு நல்ல காய்தான், போடுங்கள். ஆனால் அதில் பெரும்பகுதி பாக்டீரியா எளிதில் தின்னாத நார், அதை ப்ரீபயாடிக் கணக்கில் எழுதாதீர்கள்.

எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாது. எரிச்சல் குடல் நோய் உள்ள மாணவர்களுக்கு வெங்காயமும் பூண்டும் கடலையும்தான் வலியைக் கிளப்பும். அவர்களுக்குத் தோல் நீக்கிய பாசிப்பருப்பில் ஒரு சிறு பாத்திரம் தனியாக வையுங்கள். பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை கிடைக்கும், ஃபிரக்டான் வராது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு என்று யாராவது சொன்னால் மெனுவை மாற்றிப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பொடி வாங்கியே தீருவது என்று குழு முடிவெடுத்தால், தலைக்கு நாளொன்றுக்கு 3 கிராமில் தொடங்குங்கள். தோசை மாவில் கலக்காதீர்கள். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடலாம். மோரில் கலந்து கொடுங்கள், விருப்பப்பட்டவர் மட்டும் எடுத்துக்கொள்ளும்படி, டம்ளருக்கு எத்தனை கிராம் என்று பக்கத்தில் எழுதி வைத்து.

இப்படிக்கு,
மெஸ் சமையலும் உணவியலும் அறிந்த சிலர்