டீமில் இல்லாத பிள்ளைகளுக்கும் கிரவுண்டைத் திறந்துவிடுங்கள்: நெல்லைச் சீமைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் ஃபிசிக்கல் டைரக்டர் சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் காமர்ஸ் நடத்துகிறேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம், பேட்டையில் இருந்து வள்ளியூர் வரைக்கும் அநேகமாக எல்லா இடத்திலும் இதே கதைதான். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பை அசைக்கவே மனசு இல்ல, எந்நேரமும் போன்தான்" என்று ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே நாம் சொல்லிக்கொள்கிறோம் இல்லையா, அதை நான் நம்பவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன். ஸ்போர்ட்ஸ் டே மார்ச் பாஸ்ட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தாலே அன்றைக்கு அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அதே பையன் ஊரில் கோயில் கொடைத் திருவிழா வந்தால் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்டு வெளிச்சத்தில் கபடி ஆடிவிட்டு, முட்டி ரெண்டும் தேய்ந்து, மறுநாள் நொண்டிக்கொண்டே வகுப்புக்கு வருகிறான். என்னலே ஆச்சு என்று கேட்டால் "செமில போய்ட்டோம் சார்" என்கிறான், முகமெல்லாம் சிரிப்பு. கபடியால் உடலுக்கு என்னென்ன நன்மை என்று அவனுக்கு யாரும் பவர்பாயிண்ட் போட்டுக் காட்டவில்லை. கூட ஆடுகிறவன் சித்தப்பா மகன், எதிரே நிற்பது பக்கத்து ஊர், சுற்றி நிற்பது சொந்த ஊர். கபடி வீரர் மணத்தி கணேசன் அர்ஜுனா விருது வாங்கிய இந்தத் தாமிரபரணிக் கரைப் பக்கத்தில் பையன்களுக்கு விளையாட மனசு இல்லை என்றால் எப்படிச் சார் நம்புவது?

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. விடிகாலையில் ஏதாவது ஒரு மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள், இருட்டு விலகுவதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பார்கள். போலீஸ் செலக்‌ஷன். பையன்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும், பெண்பிள்ளைகளுக்கு 400 மீட்டர். அந்த வெறி உண்மையானது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிற வேலை அது. ஆனால் ரிசல்ட் வந்த மறுநாள், கிடைத்தவனும் சரி கிடைக்காதவனும் சரி, அநேகம் பேர் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். ஜிம்முக்குப் போகிற கூட்டமும் பாதி அப்படித்தான், கண்ணாடியில் கை தெரியவேண்டும், ரீல்ஸில் தெரியவேண்டும், அது தெரிய ரொம்ப நாள் ஆகும் என்று புரிந்ததும் மூன்றாவது மாசம் ஃபீஸ் கட்ட மாட்டான்.

இதில் எது நிற்கும் எது நிற்காது என்று யோசித்தவர்கள் இருக்கிறார்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்று ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1985லேயே இதைப் பற்றிப் புத்தகமே போட்டுவிட்டார்கள். அவர்கள் சொல்வதைச் சுருக்கினால், ஒரு காரியத்தில் மனுஷன் ஒட்டிக்கொள்ள மூணு வேண்டும்: அவனே விரும்பி எடுத்ததாக இருக்கணும், தன்னால் முடிகிறது என்று தோணணும், கூட ஆள் இருக்கணும். 2012இல் உடற்பயிற்சி பற்றிய 66 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதேதான் வந்தது. நல்லது என்ற எண்ணம் ஒருவனை ஆரம்பிக்க வைக்கும். ரொம்ப நாள் தொடர வைப்பது அந்த விளையாட்டில் கிடைக்கிற சந்தோஷம்தான்.

சரி, நாம் என்ன செய்கிறோம்? ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம், 2019இல் ஃபிட் இந்தியா தொடங்கிய நாளும் அதுதான். அன்றைக்குப் பிள்ளைகளை ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து சிறப்பு விருந்தினரை ஒரு மணி நேரம் பேசவைக்கிறோம், பிறகு உறுதிமொழி. (உடலை அசைப்பதன் அவசியத்தை அசையாமல் உட்கார்ந்து கேட்கவேண்டும்.) ஜூன் 21 யோகா தினத்துக்குப் பாய், பேனர், போட்டோ. ஆள் சேரவில்லை என்றால் துறைத் தலைவர் (ஹெச்ஓடி) வழியாக மிரட்டி அட்டெண்டன்ஸ். கட்டாயத்தில் வந்தவனுக்கு அடுத்த வருஷம் தப்பிக்க வழி தெரிந்துவிடும், அவ்வளவுதான் லாபம்.

ஃபிசிக்கல் டைரக்டர்களைத் திட்டி எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம், அவர்கள் சங்கடம் எனக்குத் தெரியும். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கிற நாக் (NAAC) அமைப்புக்கு ஃபைல் போடும்போது கேட்பது எத்தனை மெடல், எத்தனை நிகழ்ச்சி என்பதைத்தான். சாயங்காலம் சும்மா பந்து உதைத்த இருநூறு பேரை எந்த விண்ணப்பத்தில் எழுதமுடியும்? அதனால் கிரவுண்ட் டீமுக்குப் போய்விடுகிறது. அப்புறம் அந்த ஸ்டாக் ரிஜிஸ்டர். ஒரு வாலிபால் தொலைந்தால் வெரிஃபிகேஷனில் பதில் சொல்லவேண்டியது அவர்தான், அதனால் புதுப் பந்தெல்லாம் கவர் பிரிக்காமல் பீரோவுக்குள் தூங்குகிறது. பந்து தேய்வதும் கிழிவதும் செலவுக் கணக்கில் வரட்டும் என்று முதல்வர் ஒரு சர்க்குலர் போட்டால் போதும், இந்தப் பயம் போய்விடும். ஐடி கார்டைக் கொடுத்துவிட்டுப் பந்தை எடு, பந்தைக் கொடுத்துவிட்டுக் கார்டை வாங்கு. இதற்குக் கமிட்டி எல்லாம் வேண்டாம்.

பெண்பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன், நான் அதிகம் ஆதங்கப்படுவது இதில்தான். 2022 கணக்கில், தேவையான அளவுக்கு உடலுழைப்போ பயிற்சியோ இல்லாதவர்கள் இந்தியாவில் ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்று நம் காம்பவுண்டுக்குள்ளேயே பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பு வரை கோகோ, எறிபந்து, வளையப்பந்து என்று மாவட்ட அளவில் ஆடின பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஏம்மா விட்டுட்ட என்று கேட்டால் சோம்பேறித்தனம் என்று ஒருத்தியும் சொல்வதில்லை. "சுடிதாரோட எப்படி சார் ஓடுறது", "வேர்த்து ஒழுக பஸ்ல எப்படி சார் நிக்கிறது", "பசங்க பார்த்துட்டு நிப்பாங்க சார்". உடை மாற்றும் அறை என்று எழுதியிருக்கிற இடத்தைத் திறந்து பார்த்தால் உடைந்த பெஞ்சும் துருப்பிடித்த ஹர்டிலும் அடுக்கியிருக்கிறது. பக்கத்தில் இருக்கிற டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். மாதவிலக்கு நாளில் இந்த ஏற்பாட்டை நம்பி யார் கிரவுண்டுக்கு வருவாள்? ஊக்கம் இல்லை என்று கருத்தரங்கம் நடத்துகிற காசில் நாலு தாழ்ப்பாள், ஒரு குழாய், ஒரு கண்ணாடி, ஒரு குப்பைத்தொட்டி வாங்கிவிடலாம்.

அடுத்தது பஸ். நம்மிடம் படிக்கிற பிள்ளைகள் களக்காடு, அம்பாசமுத்திரம், திசையன்விளை என்று தொலைவில் இருந்து வருகிறவர்கள். கல்லூரி விட்டதும் பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் வீடு சேர இருட்டிவிடும், வீட்டில் கேள்வி வரும். அதனால் சாயங்காலம் மட்டும்தான் விளையாட்டு நேரம் என்று வைத்தால் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் டவுன் பிள்ளைகளுக்கும் மட்டும் என்று அர்த்தம். டைம்டேபிளுக்குள்ளேயே வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் வையுங்கள், பாடம் நடத்தாத மணி நேரமாக. சிலபஸ் முடியவில்லை என்று அதைக் கடன் கேட்டு வருகிற முதல் ஆளே நானாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். மத்தியான வெயிலில் வேண்டாம், நம்ம ஊர் வெயில் உங்களுக்கே தெரியும். முதல் பீரியடில் வையுங்கள், இல்லையென்றால் நிழலில் ஆடுகிற ஆட்டமாகக் கொடுங்கள். ஷட்டில் ஆசைப்படுகிறவர்களுக்கு ஏதாவது ஒரு ஹாலை ஒதுக்குங்கள், ஆடிக் காற்றில் வெளியே அடித்தால் காக் தூத்துக்குடிக்குத்தான் போகும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், அதுவும் மிதமான வேகத்தில். முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது இருக்கவேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள், 2020இல் அதையும் எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறுவது, பஸ் ஸ்டாப்பில் இருந்து வேகமாக நடந்து வருவது எல்லாமே சேர்த்தி. இது எட்டாத தூரம் இல்லை. டீமுக்குத் தேறாதவனும் ஆடலாம், மோசமாக ஆடலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று ஒரு இடம் இருந்தால் போதும். என்ன ஆடுவது என்பதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். சிலம்பம் கேட்பார்கள், சிலர் பாட்டுப் போட்டு ஆடணும் என்பார்கள், சிலர் சும்மா ரெண்டு ரவுண்டு பேசிக்கொண்டே நடப்பார்கள். நடக்கட்டும். விசிலோடு பின்னாலேயே போகாதீர்கள்.

ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அதற்குள் அந்த அறையில் இருக்கிற ஹர்டில்களை வெளியே எடுத்துவிட்டு, தாழ்ப்பாளை மாட்டிவிட்டு, பந்து பீரோச் சாவி எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரைக்கும் யாரிடம் இருக்கும் என்று நோட்டீஸ் போர்டில் தமிழில் எழுதிப் போடுங்கள். பாளையங்கோட்டையில் எந்தக் கல்லூரி முதலில் செய்தாலும் சொல்லுங்கள், மத்தக் கல்லூரி ஸ்டாஃப் ரூம்களில் அதைச் சொல்லி வெறுப்பேற்றுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்