வயலினுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் கர்நாடக இசை வயலின் ஆசிரியரின் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்கும் வகுப்புகளுக்கும் துணை நின்ற உங்களுக்கு, மாணவர்கள் நாங்கள் எழுதும் மடல் இது. பெயர் போட வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொண்டதால் செய்த வேலையை மட்டும் சொல்கிறோம்.

முதல் வணக்கம் வயலின் பழுது பார்ப்பவருக்கு. சென்னையின் ஈரக் காற்றில் இருந்த மரம், ஹீட்டர் ஓடும் அமெரிக்கக் கிளீவ்லாந்து நகர அறைக்குள் போனதும் சுருங்குகிறது. விளிம்பைக் கெட்டிப் பசையால் ஒட்டியிருந்தால் மேல்பலகையே பிளக்கும். நீங்கள் விலங்குப் பசையை நீர்க்கக் காய்ச்சி ஒட்டுவதால் விளிம்பு மட்டும் வாய் திறக்கிறது. திரும்பப் பசையிட்டு இறுக்கினால் ஆயிற்று. நான்கு தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் உள்ளே நிற்கும் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி விழுந்துவிடும் என்று எச்சரித்ததும் நீங்கள்தான். இப்போது ஒவ்வொன்றாகவே மாற்றுகிறோம். சுருதி ஏற்றும்போது குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) விரல்பலகைப் பக்கம் சாய்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறோம்.

1 கட்டைச் சுருதியில் பாடும் பாடகருக்கும் அதைவிட உயர்ந்த 5 கட்டையில் பாடும் பாடகிக்கும் ஒரே வயலினை இறக்கி ஏற்றினால் தந்தி நிலைகொள்ளாது. இரண்டாவது வயலினை இரவல் தந்தவருக்கு நன்றி. வில்லுக்கு முடி மாற்றித் தந்தவருக்கும்தான்: கமகத்துக்காக (சுரத்தை அசைத்து வாசிப்பதற்காக) விரலில் தொடும் எண்ணெய் முடியில் பட்டால் வில்முடியில் பூசும் ரோசின் என்ற பிசின் பிடிக்காது, வில் வழுக்கும். குற்றம் எங்கள் விரல்களுடையது, உழைப்பு உங்களுடையது!

ஒலி அமைப்பாளர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்காலி போட்ட மேடைதான் அங்கே வழக்கம். நம் வயலினோ தரையில் அமர்ந்து, வலது கணுக்காலில் வயலினின் தலைப்பகுதியைச் சாய்த்து வாசிப்பது. இடது கை வாத்தியத்தைத் தாங்காமல் இருந்தால்தான் தந்தியில் தாராளமாக ஓடும். அதனால் ஜமக்காளம் விரித்த தாழ்வான மேடை, குட்டை மைக் ஸ்டாண்டு, வாசிப்பவருக்குக் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் முதலில் தம்புரா, பிறகுதான் மற்றவை என்று கேட்டோம். ஒன்றும் விடாமல் செய்தீர்கள். மைக்கைக் குதிரைக்கு மிக அருகே வைத்தால் வில்லின் உரசல்தான் பெரிதாகக் கேட்கும். ஒரு சாண் தள்ளி வைத்து, ஊளைச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்ட பொறுமைக்குக் கும்பிடு.

கலைஞர்களுக்கான அமெரிக்க பி-3 விசாவுக்கு ஐ-129 மனுப் படிவம், நிகழ்ச்சி நிரல், தொழிற்சங்கக் கருத்துக் கடிதம் எல்லாம் திரட்டிய அமைப்பாளர்களுக்கும் நன்றி.

ஆன்லைன் வகுப்பை நடத்தித் தரும் பெற்றோருக்கு: சுருதிப்பெட்டியின் நாதத்தை இரைச்சல் என்று நினைத்து மென்பொருள் வெட்டிவிடுகிறது. அந்த வடிகட்டியை அணைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிக் கொடுத்தீர்கள். சத்தம் தாமதமாக வருவதால் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் மியூட்டில் தாளம் போடும் ஏற்பாடும் உங்களுடையதே. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், ஐரோப்பா அம்மாதக் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை நகர்த்த, இந்தியா நகராமல் நிற்கும். இடைப்பட்ட வாரங்களில் யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று நீங்கள் அனுப்பும் அட்டவணை இல்லாவிட்டால் ஆசிரியர் காலியான திரையைப் பார்த்துத்தான் வர்ணம் வாசித்திருப்பார்.

நன்றியுடன்,
மாணவர் குழு