படம் லண்டனுடையது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு முடித்த பிள்ளைகளுக்காகச் சென்ற ஞாயிறு பதிப்பில் கலை வரலாற்றுப் படிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம் பத்திரிகைகளில் இதெல்லாம் வருவதே அபூர்வம், நன்றி. ஆனால் கூடவே வந்த ஓவியத்தின் கீழே ‘லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது’ என்று போட்டுவிட்டீர்கள். அது ஆங்கில ஓவியர் பிரெடரிக் லெய்ட்டன் 1895-ல் வரைந்த ‘ஃபிளேமிங் ஜூன்’. கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில், போன்சே நகர அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது.

அங்கே அது போய்ச் சேர்ந்த கதையைத்தான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். இந்தப் படிப்புக்குப் பேராசிரியர் வேலை, இல்லாவிட்டால் அருங்காட்சியக வேலை என்று கட்டுரை நின்றுவிட்டது. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில ஓவியங்களை ஆராய்ந்த ஜெரமி மாஸ் இரண்டும் இல்லை, ஓவிய வியாபாரி. 1928-ல் பிறந்தது நம் பினாங்கில். 1960-ல் லண்டன் கிளிஃபோர்ட் தெருவில் சொந்தக் கடை திறந்தார். அந்தக் காலத்தில் விக்டோரியா ஓவியம் என்றாலே ‘சுத்தப் பழசு’ என்று முகம் சுளிப்பார்கள். இவர் அதையே தேடித் தேடி வாங்கினார்.

அப்படிக் கைக்கு வந்ததுதான் இந்த நாலடிச் சதுர ஓவியம். ஆரஞ்சு நிற மெல்லிய உடையில் ஒரு பெண் சுருண்டு தூங்குகிறாள். பின்னால் வெயிலில் தகதகக்கும் கடல், மேலே ஓரத்தில் அரளிப் பூ. அந்தத் துணி மடிப்புகளைப் பாருங்கள்! உடை இல்லாமல் ஒரு தடவை, துணி போர்த்தி ஒரு தடவை என்று லெய்ட்டன் முன்வரைவுகள் போட்டுப் பார்த்திருக்கிறார். ஓவிய ஆசிரியையாக நான் வகுப்பில் மாரடித்ததும் இதற்காகத்தான், பிள்ளைகள் நேரே வண்ணத்துக்குப் போய்விடுவார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு அழகான படத்துக்கு இங்கிலாந்தில் ஆள் இல்லை. போன்சே அருங்காட்சியகத்தை நிறுவிய லூயிஸ் ஃபெர்ரே 1963-ல் மாஸிடமிருந்து சுமார் 2,000 பவுண்டுக்கு வாங்கிப் போனார்.

மாஸ் விற்றதோடு நிற்கவில்லை. 1969-ல் விக்டோரியா ஓவியர்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் இந்தத் துறைக்கே வழிகாட்டியானது. 1975-ல் கம்பார்ட் என்ற அந்தக் கால ஓவிய வியாபாரியின் வரலாற்றை எழுதினார். ஒரு வியாபாரியின் சூட்சுமம் இன்னொரு வியாபாரிக்குத்தானே தெரியும். அப்புறம் ஹோல்மன் ஹன்ட் என்ற விக்டோரியா கால ஓவியரின் ஒரு படத்தைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம், 1984-ல். ‘இதற்கு வேலைவாய்ப்புக் குறைவு’ என்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தீர்களே, 1960-ல் அந்தக் கட்டத்தைப் பார்த்திருந்தால் மாஸ் கடையே திறந்திருக்க மாட்டார்.

2020 நிலநடுக்கத்தில் போன்சே கட்டடம் சேதமடைந்து, 2024-ல் அந்த ஓவியம் லண்டன் ராயல் அகாதமிக்கு இரவலாக வந்திருந்தது. உங்கள் குழப்பம் அதனால் வந்ததோ என்னவோ. திருத்தம் போடும்போது மாஸ் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
புக்கிட் மெர்தாஜாம்