மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்று

அன்புள்ள கண்ணம்மா,

நம் கேரார்டு ரெக்கார்டு பிளேயரை நீ எடுத்து அனுப்பிய வீடியோ கிடைத்தது. "பாட்டு கீச்சுனு ஓடுதுப்பா" என்று ஒரே ஒரு வரி. இங்கே மதியம் 1 மணி, சிகாகோவில் ராத்திரி இரண்டரை. அந்நேரம் வரை முழித்திருக்காதே.

முள்ளும் தட்டும் சரியாகத்தான் இருக்கின்றன. நம் கேரார்டின் மோட்டார், கரண்டின் ஹெர்ட்ஸுக்கு, அதாவது அது நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதற்குத் தக்கபடி சுற்றுவது. இங்கே 50, அங்கே 60. நீ வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை 230 ஆக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 40 சுற்றுகிறது. சுருதி ஒன்றரைக் கட்டைக்குமேல் ஏறிவிடும்.

சந்தேகம் இருந்தால் தட்டு மேடையின் ஓரத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, 3 நிமிடம் எண்ணிப் பார். 100 சுற்று வர வேண்டும், உனக்கு 120 வரும். ஒருவர் கடிகாரம் பார்க்க, ஒருவர் எண்ணினால் தப்பாது. மாப்பிள்ளையை எண்ணச் சொல். வீடியோவில் அவர் குரல் கேட்கவில்லை.

இதற்கு மருந்து 60 ஹெர்ட்ஸ் புல்லிதான். மோட்டார் தண்டில் படிப்படியாக இருக்குமே, அது. 60-க்கானது விட்டம் சிறியது. மாடலுக்கு மாடல் அளவு வேறு, பார்க்காமல் வாங்காதே. புல்லியைக் கழற்றும்போது மோட்டாரின் சுற்றைத் தட்டு மேடைக்குக் கடத்தும் ரப்பர் ஐட்லர் சக்கரத்தையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடு. ரப்பரில் எண்ணெய் பட்டால் வழுக்கும், பாட்டு இழுக்கும். தையல் மெஷின் எண்ணெய் 2 சொட்டு, நடுத்தண்டுக்கு மட்டும். அதே ஆல்கஹாலை 78 சுற்றும் பழைய அரக்குத் தட்டுப் பக்கம் கொண்டுபோகாதே. அரக்கு கரைந்துவிடும்.

வலது ஸ்பீக்கர் ஊமையாக இருப்பதை நீ சொல்லவில்லை, நானே கேட்டேன். முள் இருக்கும் தலையில், அதாவது ஹெட்ஷெல்லில், வெள்ளை ஒயரும் நீல ஒயரும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. இரண்டு ஜோடியையும் இடம் மாற்றிப் போடு. ஊமை இடப்பக்கம் போனால், முள்ளின் அசைவைக் கரண்டாக்கும் கார்ட்ரிட்ஜ் போச்சு. வலப்பக்கமே நின்றால் ஆர்ம் ஒயரையோ ஆம்ப்ளிஃபயரையோ பார். கார்ட்ரிட்ஜ் பின்னில் மட்டும் சால்டர் வைக்காதே, சூடு உள்ளே இறங்கிவிடும். பன்னிரண்டு வயதில் சால்டரிங் அயர்ன் பிடித்தவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் எத்தனை பேர் வீட்டு ரேடியோ உன் கையில் பேசியது! ஆனால் ஒன்று கெட்டுப்போனால் வாய்விட்டுச் சொல்ல மட்டும் நீ கற்றுக்கொள்ளவில்லை.

நம்முடையது செராமிக் கார்ட்ரிட்ஜ். புது ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ துளையில் செருகினால் சத்தம் உடையும். அந்தத் துளை சில மில்லிவோல்ட்டுக்குச் செய்தது, இது நூற்றுக்கணக்கில் தரும். முள் பாரம் 4 முதல் 5 கிராம். தாவுகிறதே என்று தலையில் காசு ஒட்டாதே. டிரான்ஸ்ஃபார்மரை ஒரு மீட்டர் தள்ளி வை, பக்கத்தில் இருந்தால் இரையும். ராத்திரி இதையெல்லாம் செய்யாதே.

முள்ளைத் திருப்பும் நெம்புகோலை எப்போதும் எல்பி, அதாவது 33⅓ தட்டு, பக்கம் வைத்துக்கொள். 78-க்கான முள் தடித்தது. எல்பியின் பள்ளத்துக்குள் இறங்காமல் மேல்விளிம்பை நசுக்கிக்கொண்டே போகும். அம்மாவின் தட்டு அப்படித்தான் பாழானது. நீ கீறிவிட்டாய் என்று அன்று உன்னைச் சாப்பிடவிடாமல் திட்டினேன். முந்தின நாள் 78 போட்டுவிட்டு முள்ளைத் திருப்பாமல் விட்டது நான். மறுநாளே தெரிந்தது. உன்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் எது உடைந்தாலும் நீ என்னிடம் மறைக்க ஆரம்பித்தாய்.

அணைக்கும்போது குமிழை ஆஃபுக்கே கொண்டுவா, பிளக்கைப் பிடுங்காதே. ஐட்லர் புல்லியில் அழுந்தியபடியே நின்றால் ரப்பரில் பள்ளம் விழும், பிறகு டப் டப்பென்று அடிக்கும்.

புல்லியைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு. படம் எடுக்க முடியாவிட்டாலும் கூப்பிடு. நான் 5 மணிக்கே எழுந்துவிடுகிறேன், அப்போது உனக்குச் சாயங்காலம் ஆறரை.

அப்பா